சங்கம் யாருக்குங்க?

போன மாசம் பெரியப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு, மதுரையில ஒரு சின்ன நர்சிங் ஹோம்ல ஒரு வாரம் கிடந்தோம். பேரு வேணாம். டாக்டர் தங்கமான மனுஷன், ஆபரேஷனும் நல்லா முடிஞ்சது. ஆனா டிஸ்சார்ஜ் அன்னிக்கு குடுத்த பில்லுல மூணே மூணு வரி. கடைசி வரி 'இதர செலவு 18,400'.

"இதரன்னா என்னம்மா?"ன்னு கவுண்டர்ல இருந்த பொண்ணுகிட்ட கேட்டேன்.

"எல்லாம் சேர்த்துதான் சார்."

வாடிப்பட்டியில களத்துமேட்டுலயே நெல்லை வித்துட்டு கொண்டாந்த காசு. பெரியப்பா "விடுப்பா, உசுரு பொழைச்சுச்சுல்ல"ன்னுட்டாரு. எனக்குத்தான் மனசு ஆறல.

அந்தப் பொண்ணுக்குப் பின்னாடி சுவத்துல ரெண்டு சமாச்சாரம் தொங்குச்சு. ஒண்ணு, சங்க உறுப்பினர் சான்றிதழ். இன்னொண்ணு, மருத்துவமனையைத் தாக்கினா ஜாமீன்ல வர முடியாதுங்கிற 2008-ம் வருஷ சட்டத்தோட அறிவிப்பு. கட்டணப் பட்டியல் மாட்ட சுவத்துல இடம் இருந்துச்சு. பட்டியல்தான் இல்ல.

மக்களே, என் பிரச்சனை இந்தச் சுவருதான்.

2008 சட்டம் தப்புன்னு சொல்லல. டாக்டரை அடிக்கிறவன உள்ள போடத்தான் வேணும். ஆனா தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த தமிழ்நாட்டுல சட்டம் வந்தது 1997-ல. அதுக்கு விதிகள் வந்தது 2018-ல. இடையில 21 வருஷம்! "சீக்கிரம் விதி போடுங்கய்யா"ன்னு எந்த சங்கமாவது தமுக்கம் பக்கம் ஒரு ஊர்வலம் போயி நான் பார்க்கல.

இன்னும் பின்னாடி போங்க. நுகர்வோர் சட்டத்துக்குள்ள எங்களைக் கொண்டு வராதீங்கன்னு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது இந்திய மருத்துவ சங்கம். 1995 நவம்பர்ல தீர்ப்பு அவங்களுக்கு எதிரா வந்துச்சு. இன்னிக்கு காசு கட்டி வைத்தியம் பார்க்கிற நாம நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியுதுன்னா, அந்தத் தீர்ப்பாலதான்.

"ஒவ்வொரு நோயாளியும் ஒவ்வொரு மாதிரி சார், முன்கூட்டியே ரேட் சொல்ல முடியாது"ன்னு ஒரு பதில் தயாரா வச்சிருப்பாங்க. அப்படியா? 2020-ல கொரோனா வந்தப்ப, மிதமான பாதிப்புக்கு 10 நாளைக்கு சுமார் 2.3 லட்சம்னு அதே சங்கத்தோட தமிழ்நாட்டுக் கிளையே கணக்குப் போட்டு பரிந்துரை பண்ணுச்சே. அப்புறம் அரசாங்கம் ஜூன்ல சாதா வார்டுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 7,500, ஐசியுவுக்கு 15,000னு உச்சவரம்பு வச்சது. யாருமே பார்க்காத புது வியாதிக்கே கணக்கு வருதுன்னா, அப்பெண்டிக்ஸுக்கு வராதா?

எல்லாரும் ஒரே ரேட் வைங்கன்னு நான் கேக்கல. அது வேற வம்பு. அவங்கவங்க ரேட்டை அவங்கவங்க தமிழ்ல எழுதி மாட்டுங்க, அவ்வளவுதான். 2010 மத்திய சட்டத்தோட விதிகள்ல இது இருக்கு, உள்ளூர் மொழியில எழுதணும்னே இருக்கு. அந்தச் சட்டத்தை தமிழ்நாடு ஏத்துக்கல. சரி, சட்டம் வேணாம். சான்றிதழ் மாட்டச் சொல்ற சங்கம், பக்கத்துல இதையும் மாட்டுன்னா எந்த உறுப்பினர் மாட்டேன்னு சொல்லப் போறாரு?

சின்ன நர்சிங் ஹோம் பாடு திண்டாட்டம்தான், தெரியும். ஒரு பக்கம் கார்ப்பரேட், இன்னொரு பக்கம் இழுத்தடிக்கிற இன்சூரன்ஸ் பணம். ஆனா உசிலம்பட்டிக்காரனும் மேலூர்க்காரனும் பெரிய ஆஸ்பத்திரியைத் தாண்டி இவங்ககிட்ட வர்றது டாக்டர் மேல இருக்கிற நம்பிக்கையில. அந்த நம்பிக்கையை 'இதர செலவு'ங்கிற ஒத்த வரி தின்னுடும். இதே மதுரையில 1976-ல வெறும் 11 படுக்கையோட டாக்டர் வெங்கடசாமி ஆரம்பிச்சதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. காசு இருக்கிறவங்க கட்டினாங்க, இல்லாதவங்களுக்கு இலவசம். அது ஒண்ணும் நொடிஞ்சு போயிடல.

சங்கம் உறுப்பினரைக் காப்பாத்தத்தான். ஒத்துக்கறேன். உறுப்பினரைக் காப்பாத்த சட்டத்தை விட நல்ல வேலி ஒரு கட்டணப் பலகை.

டிஸ்கி: டாக்டர் பதிவர்கள் யாராச்சும் இருந்தா கோவிக்காம பின்னூட்டத்துல வந்து சண்டை போடுங்க. 'இதர'ன்னா என்னன்னு மட்டும் முதல்ல சொல்லிடுங்க.