முட்டையிலேயே தொடங்கும் எலும்பு நோய்

கோழிக்குக் கால் தடித்துவிட்டால் உடனே சுண்ணாம்புச் சத்து டானிக்கைத் தேடுவதே நம்மிடம் வழக்கம். தடித்த கால்கள் எல்லாம் சத்துக் குறைவால் வருவதில்லை. இரண்டு, மூன்று மாதக் கோழியின் கணைக்கால் பூட்ஸ் மாட்டியதுபோல் பருத்து, தொட்டால் சூடாக இருந்து, நடை விறைத்துப்போனால் வேறொரு நோயைச் சந்தேகிக்க வேண்டும். இறந்த கோழியின் எலும்பை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் விவரம் புரியும். மஜ்ஜை இருக்க வேண்டிய குழியையும் எலும்பே அடைத்துக்கொண்டிருக்கும். இரத்த அணுக்கள் பிறக்கும் இடம் சுருங்குவதால் கொண்டை வெளிறும்.

இதுதான் ஆஸ்டியோபெட்ரோசிஸ். ஏவியன் லுகோசிஸ் என்ற வைரஸ், எலும்பைக் கட்டும் செல்களுக்குள் புகுந்து அவற்றை அளவுமீறிப் பெருகச் செய்கிறது. இங்கே சிக்கல் குறை அல்ல, மிகை. டானிக் ஊற்றிப் பயனில்லை.

இந்த வைரஸ் குடும்பத்தை அறிவியல் நன்றாக அறியும். 1908-இல் கோபன்ஹேகனில் எல்லர்மனும் பாங்கும் கோழிகளின் இரத்தப் புற்றுநோய் தொற்றக்கூடியது என்று காட்டினார்கள். இதன் நெருங்கிய உறவான வைரஸை 1911-இல் கண்டறிந்த பெய்டன் ரவுஸுக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரிட்டனின் ரோமானியக் கால அகழாய்வுகளில் கிடைத்த கோழி எலும்புகளிலேயே இந்தத் தடிப்பு காணப்படுகிறது. இத்தனை காலம் கடந்தும் இதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை.

காரணம், வைரஸ் பயணிக்கும் வழி. தாய்க்கோழியிடமிருந்து முட்டையின் வெள்ளைக்கருவுக்கும், அங்கிருந்து கருவுக்கும் அது போகிறது. அப்படிப் பொரிந்த குஞ்சின் உடல் வைரஸை அந்நியனாகவே கருதாது. எதிர்ப்புப் புரதம் சுரக்காது. வாழ்நாள் முழுதும் வைரஸை வெளியேற்றியபடி, பொரிப்பகத்திலேயே மற்ற குஞ்சுகளுக்கும் பரப்பும். பண்ணையாளர் எவ்வளவு சுத்தம் பார்த்தாலும், குஞ்சு வந்து இறங்கும்போதே அதற்கு நோய் இருந்தால் அவர் என்ன செய்ய முடியும்? பொறுப்பு தாய்க்கோழிகளை வைத்திருப்பவருடையது.

பெரிய இனவிருத்தி நிறுவனங்கள் இதைப் பட்டுத்தான் உணர்ந்தன. 1980-களின் இறுதியில் பிரிட்டனில் கறிக்கோழிகளில் கண்டறியப்பட்ட இவ்வைரஸின் ‘ஜே’ வகை, 1990-களில் தாய்க்கோழிகள் வழியே உலகெங்கும் பரவிப் புற்றுநோயால் பேரிழப்பு தந்தது. வெள்ளைக்கருவில் வைரஸ் புரதம் இருக்கிறதா என்று சோதித்து, இருந்த கோழிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துத்தான் மீண்டார்கள். சீனாவில் அதே வகை முட்டைக்கோழிகளுக்குத் தாவி, நாட்டு இனங்களிலும் வேரூன்றியது. அங்கே சோதனை எட்டாத மந்தைகளே வைரஸுக்குப் புகலிடமாயின.

நம் நாட்டுக்கோழி இனங்களான சிறுவிடையும் அசிலும் எந்தப் பன்னாட்டு நிறுவனத்தின் சோதனைக்குள்ளும் வராதவை. முட்டைகள் பல வீடுகளிலிருந்து சேர்ந்து ஒரே பொரிப்பான் இயந்திரத்துக்குள் போகின்றன. சேவல் வளர்ப்பவர்கள் கால் கனத்தைப் பெருமையாகப் பார்ப்பவர்கள். இந்நோயோ சேவல்களையே அதிகம் தாக்குகிறது. வலுவென்று நினைத்து நோயுற்ற காலைக் கொண்டாடும் ஆபத்து இருக்கிறது. இன்னொரு வாசலும் உண்டு. வெள்ளைக்கழிச்சல் போன்றவற்றுக்கான உயிருள்ள தடுப்பூசிகள் வைரஸ் கலந்த முட்டைகளில் தயாரிக்கப்பட்டால், ஊசியே நோயைக் கொண்டுபோகும். இது வெறும் கற்பனை அல்ல. பிற நாடுகளில் நடந்திருக்கிறது.

மனிதர்கள் அஞ்ச வேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படையினருக்குப் போட்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் இந்த வைரஸ் கலந்திருந்தது. பின்னாளில் ஆராய்ந்தபோது அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆகவே கறிக்கும் முட்டைக்கும் எதிராக வதந்தி கிளப்ப இதில் இடமில்லை.

ஆனால் கிராமத்துப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுப்பதைப் பெருமையாகச் சொல்லும் அரசு, அந்தக் குஞ்சின் தாய் சோதிக்கப்பட்டதா என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். வெள்ளைக்கருச் சோதனை கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வகங்களுக்குப் புதிதல்ல. அரசுப் பண்ணைகளில் தொடங்கி, குஞ்சு விற்கும் தனியார் பொரிப்பகங்கள் வரை, தாய்க்கோழிகளுக்கு இந்தச் சோதனையைக் கட்டாயமாக்குங்கள். சான்றிதழ் இல்லாத குஞ்சை மானியத்தில் கொடுக்காதீர்கள்.