திரையை அணைத்துவிட்டு எழுந்திருங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனி அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு மெர்ச்சண்டைசர் எழுந்து போனதும், மேசையில் லேப்டாப் வண்ணக் குமிழிகளை மிதக்கவிடுகிறது. பார்க்க ஆளில்லை, பேட்டரி மட்டும் கரைகிறது.

ஸ்கிரீன்சேவர் ஒரு காலத்தில் தேவையாகத்தான் இருந்தது. பழைய பெட்டி மானிட்டரில் ஒரே படம் மாதக்கணக்கில் நின்றால் பாஸ்பர் பூச்சு தேய்ந்து அழியாத நிழல் விழும். றெக்கை கட்டிய டோஸ்டர்களைப் பறக்கவிட்ட 'ஆஃப்டர் டார்க்' ஸ்கிரீன்சேவர் 1989-இல் வந்தது அந்தக் காலத்தில்தான்.

இன்றைய எல்சிடி திரை அப்படித் தேய்வதில்லை. படம் ஆடினாலும் அசையாமல் நின்றாலும் பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே ஸ்கிரீன்சேவர் காப்பாற்றுவது எதையும் இல்லை, மின்சாரம்தான் வீண்.

ஓஎல்இடி திரையின் கதை வேறு. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தேய்கிறது. நாளெல்லாம் எக்செல் கட்டங்கள் நின்றால் தடம் பதியலாம். அதற்கும் திரையை அணைப்பதே நல்ல மருந்து.

ஐந்து நிமிடத்தில் திரை தானே அணையும்படி செட்டிங்கை மாற்றுவது எளிது. எழும்போது விண்டோஸ் பொத்தானோடு 'எல்' எழுத்தையும் சேர்த்துத் தட்டினால் லேப்டாப் பூட்டிக்கொள்ளும். பையருக்கான காஸ்டிங் ஷீட்டும் அடுத்தவர் கண்ணில் படாது.