உயிருள்ளதற்குப் பாடை

கூரத்தில் பிறந்தவனுக்குக் கதவு என்றால் ஒரு தனிக் கூச்சம் உண்டு. கூரத்தாழ்வான் மாளிகையின் கதவை இரவில் சாத்திய ஓசை காஞ்சி வரதர் கோயில் வரைக்கும் கேட்டதாம். 'என்ன சத்தம் அது?' என்று தாயார் விசாரித்தாளாம். அதைக் கேள்விப்பட்ட ஆழ்வான் நாணிப்போய், இருந்ததை எல்லாம் துறந்து ஸ்ரீரங்கத்துக்குப் புறப்பட்டுவிட்டார் என்று சொல்வார்கள். கதவைச் சாத்துகிறவனுக்கு வெட்கம் என்று ஒன்று அந்தக் காலத்தில் இருந்தது. இன்றைக்கு லேப்டாப் செய்கிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் அது மருந்துக்குக்கூட இல்லை என்பது என் கட்சி.

சங்கதி இதுதான். எங்கள் தெருவில் ஒரு தறிக்காரர் வீடு. அந்த வீட்டுப் பெண் பிளஸ் டூ படித்தபோது, 2011 செப்டம்பரில் தொடங்கிய சர்க்கார் திட்டத்தில் அவளுக்கு ஒரு லேப்டாப் கிடைத்தது. விண்டோஸ் ஒரு பக்கம், சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இன்னொரு பக்கம் என்று இரட்டைக் குடித்தனத்தோடு வந்த யந்திரம். பி.காம். முடித்ததும் அதில்தான், தகப்பனாரின் பாவு, ஊடை, ஜரிகைக் கணக்கும் அதில்தான். விண்டோஸ் ஏழைக் கம்பெனி 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு கைகழுவிவிட்டது. நாளாவட்டத்தில் பாங்கிக் கணக்கைப் பார்க்கக்கூட அது லாயக்கில்லாமல் போயிற்று. சிநேகிதி ஒருத்தி சொன்னாளென்று புது லினக்ஸ் ஒன்றைப் பென்டிரைவில் போட்டுச் செருகினாள். யந்திரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் பாட்டுக்குப் பழைய விண்டோஸிலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

காஞ்சிபுரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லையாம். "இதெல்லாம் செத்துப்போன மாடல்மா. பென்டிரைவிலே கிளம்பாது. புதுசு எடுத்துக்க, தவணை போட்டுத் தரேன்."

ஒரு கனத்த புடவைக்குப் பதினைந்து இருபது நாள் தறியில் குனிந்து கிடக்கும் குடும்பம் அது. புது லேப்டாப்புக்கு எத்தனை புடவை நெய்ய வேண்டும் என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். கதை எழுதிப் பிழைக்கிறவன். யந்திர சாஸ்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் நாடி பார்க்காமல் சாவு சொல்கிற வைத்தியனை எனக்குப் பிடிக்காது. அந்தக் கோபத்தில் மூன்று ராத்திரி அந்த லேப்டாப்போடு உட்கார்ந்தேன்.

முதல் குற்றம் எங்கள் பக்கத்தில். லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென்டிரைவில் நகல் எடுத்து வைத்திருந்தாள். சமையல் புத்தகத்தை அடுப்பில் வைத்தால் குழம்பு கொதிக்குமா? அதை ரூஃபஸ் போன்ற ஒரு மென்பொருள் கொண்டு, கிளம்பக்கூடிய பென்டிரைவாக எழுத வேண்டும். எழுதினோம். அப்படியும் அசையவில்லை. புதிய யந்திரங்களுக்கு உகந்த ஜிபிடி முறையில் எழுதிவிட்டோம். இந்தக் கிழவருக்கோ பழைய பயாஸ், பழைய எம்பிஆர் முறைதான் புரியும். மாற்றி எழுதினோம். கம்பெனிப் பெயர் திரையில் மின்னுகிற அந்த இரண்டு விநாடிக்குள் எஃப் 2 விசையைத் தட்டி பயாஸுக்குள் போனால், 'யுஎஸ்பி' என்ற வார்த்தையையே எங்கும் காணோம்! அரை மணி தேடிய பிறகு, 'ஹார்டு டிஸ்க்' என்ற தலைப்புக்குள் பென்டிரைவ் இரண்டாவது ஆளாகப் பதுங்கியிருப்பதைக் கண்டுபிடித்தோம். அதை முதல் இடத்துக்கு ஏற்றினோம். லினக்ஸ் வந்தது. தறிக்காரர் வீட்டில் காப்பி கொடுத்தார்கள்.

மறுநாள் காலை மறுபடி விண்டோஸ்! ராத்திரி ஏற்றிய வரிசையை யந்திரம் சுத்தமாக மறந்திருந்தது. பெரிய பாட்டரி எப்போதோ படுத்துவிட்டது. பயாஸின் ஞாபகத்தைக் காக்கிற நாணயம் அளவு சின்ன பாட்டரியும் தீர்ந்துபோயிருந்தது. நாலைந்து காப்பிக் காசு விலை.

இந்த நாலில் எது ஸ்வாமி சாவு?

பழைய யந்திரத்தின் முரண்டாவது அறியாமை. புதியவற்றின் முரண்டு திட்டமிட்டது. 2012-இல் விண்டோஸ் எட்டோடு 'செக்யூர் பூட்' என்ற பூட்டு பரவியது. அங்கீகாரக் கையெழுத்து இல்லாத எதையும் அது கிளம்ப விடாது. அதே விண்டோஸ் எட்டு முதல், 'ஷட்டவுன்' கொடுத்தாலும் யந்திரம் முழுக்கத் தூங்குவதில்லை. அரைத் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுவதால் விசையைத் தட்ட நேரமே கிடைக்காது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் வழிக்கு வரும். இதை யார் ஜனங்களுக்குச் சொன்னார்கள்? 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் பத்துக்கும் விடை கொடுத்தாயிற்று. பதினொன்று வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்கிற சில்லு வேண்டுமாம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ லேப்டாப்புகளுக்கு ஒரே நாளில் வயதாகிவிட்டது.

"பூட்டு இல்லாவிட்டால் திருடன் வருவானே" என்பார்கள். வாஸ்தவம். விண்டோஸுக்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்துகொள்ளும் நாசகார நிரல்கள் உண்டு. பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டுச் சாவியை எனக்கே ஒளித்து வைக்காதே என்கிறேன். பெரும்பாலான யந்திரங்களில் அந்தப் பூட்டைத் திறக்க வழி இருக்கத்தான் இருக்கிறது. அது எந்த மூலையில் என்று சொல்லத்தான் ஆளில்லை.

அந்த வீட்டுத் தறிமேல் ஒரு ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. 1804-இல் பிரான்ஸ் தேசத்து ஜக்கார்டு கண்ட உபாயம் அது. அட்டையில் துளை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. அந்த அட்டையைக் குத்தியது யார், எந்தக் கம்பெனி முத்திரை என்று தறி கேட்பதில்லை. கூரத்தில் குத்திய அட்டையும் ஓடும், ஆரணியில் குத்தியதும் ஓடும். கம்ப்யூட்டரின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் இந்தத் துளை அட்டையில்தான் வந்து நிற்க வேண்டும். தாத்தாவின் பெருந்தன்மை பேரனுக்கு இல்லை.

பெண் இப்போது அதிலேயே கணக்கு எழுதுகிறாள். அந்தச் சின்ன பாட்டரியை அதே கடையில்தான் போய் வாங்கினாள். எதற்கு என்று கேட்டாராம் கடைக்காரர். "செத்துப்போன மாடலுக்கு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.