மூன்று ஊர் போதும்

முன்னாளில் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் சென்ற வாரம் ஜப்பான் யாத்திரைக்கென ஒரு ஜாபிதாவுடன் வந்து சேர்ந்தார். டோக்கியோ, ஹகோனே, கனஸாவா, கியோட்டோ, நாரா, ஒஸாகா, ஹிமேஜி, ஹிரோஷிமா ஆக எட்டு ஊர்கள், பத்தே நாட்கள். புறப்பட இருப்பவர்கள் அவரும், எழுபது வயதான அவருடைய தாயாரும். தேதிகளைக் கண்டதும் நமக்குத் திக்கென்றது. ஏப்ரல் 27 முதல் மே 6 வரை!

ஜப்பானியர் 'பொன் வாரம்' என்று கொண்டாடும் காலம் அது. ஏப்ரல் 29 ஷோவா தினம். மே 3 அரசியல் சட்ட தினம். 4 பசுமை தினம். 5 குழந்தைகள் தினம். தேசமே மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடும். விடுதி வாடகை ஏறும். 'நொஸோமி' என்னும் அதிவேக ரயிலில், 2023-ஆம் வருஷ முடிவிலிருந்து, இத்தகைய நெரிசல் நாட்களில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது.

ஜாபிதாவில் ஹிரோஷிமாவுக்கு மே 4-ஆம் தேதி, இரண்டு ரயில்களுக்கு நடுவே மூன்று மணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது.

"அம்மா ஆசைப்படுவது அந்த ஊர் ஒன்றுக்குத்தான், ஸார்" என்றார் மாணவர்.

அந்த அம்மையார் முப்பது வருஷம் ஆரம்பப் பாடசாலை ஆசிரியையாக இருந்தவர். அணுகுண்டு விழுந்தபோது இரண்டு வயதுக் குழந்தையாயிருந்து, 1955-இல் பன்னிரண்டாம் வயதில் ரத்தப் புற்றுநோயால் மாண்ட ஸடாகோ என்ற சிறுமியின் கதையை வருஷந்தோறும் வகுப்பில் சொல்லுவாராம். பிழைக்கவேண்டுமென்ற ஆசையில் அச்சிறுமி மடித்த காகிதக் கொக்குகளைப்போல் தம் மாணவர்கள் மடித்துக் கொடுத்தவற்றை ஒரு டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறார். 1958 மே 5-ஆம் தேதி அமைதிப் பூங்காவில் திறக்கப்பட்ட குழந்தைகள் நினைவுச் சின்னத்தில் அவற்றைச் சமர்ப்பிக்க வேண்டுமாம்.

மாணவர் அறியாத சங்கதி ஒன்றுண்டு. மே 3 முதல் 5 வரை ஹிரோஷிமாவில் மலர்த் திருவிழா. 1977-இல் தொடங்கிய அவ்விழா நடப்பது அந்தப் பூங்காவிலும் அதையொட்டிய பெருவீதியிலுமே. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு ஓடும் மூன்று மணி நேரத்தில் அம்மையார் ஜனங்களின் முதுகைத்தான் கண்டிருப்பார்.

நல்லகாலம், விமான டிக்கெட் இன்னும் வாங்கவில்லை. பென்சிலை எடுத்து ஐந்து ஊர்களை அடித்தோம். டோக்கியோவுக்குப் பதில் ஒஸாகாவில் இறங்கி, கியோட்டோவில் மூன்று இரவுகள் தங்குவது; நாராவை அங்கிருந்தே ஒரு பகலில் பார்த்துத் திரும்பலாம். ஏப்ரல் 30 ஹிரோஷிமா. அன்று முதல் மே 2 வரை விடுமுறைத் தினங்கள் அல்ல. வார இறுதி குறுக்கிட்டாலொழியக் கூட்டம் சற்றுத் தணிந்திருக்கும். மே 3 காலை டோக்கியோவுக்கு ரயில், சுமார் நான்கு மணி நேரம். அன்று தலைநகரத்தார் வெளியூர்களுக்கு விரைவார்கள். ஐந்திலும் ஆறிலும் திரும்புவார்கள். நம்மவர்கள் எதிர்த்திசையில் செல்வதால் நெரிசலுக்குத் தப்பலாம்.

ஆசனங்கள் ஒரு மாதம் முன்னதாக, ஜப்பானில் காலை 10 மணிக்கு விற்பனையாகும். ஆகவே ஏப்ரல் 3-ஆம் தேதி நம் கடிகாரத்தில் 6.30-க்கே விழித்திருக்க வேண்டும். பெரிய பெட்டியைச் சுமக்கவேண்டாம். விடுதியிலிருந்து விடுதிக்கு அனுப்பிவைக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. விடுமுறையில் தாமதமாகலாமாதலால் இரண்டு நாள் உடுப்பு கைப்பையில் இருக்கட்டும்.

மாணவருக்கு முகம் வாடிற்று. "அவ்வளவு தூரம் போய் ஹிமேஜி கோட்டையைப் பார்க்காமல் வருவதா, ஸார்?" என்றார்.

நாம் பதில் சொல்லவில்லை. தாயாரையே கேட்கும்படி அனுப்பினோம். மறுநாள் தொலைபேசியில் அழைத்தார்.

"அந்தப் பெண்ணிடம் ஒரு முழு நாள் இருக்கவேண்டும். மற்றதெல்லாம் உன் இஷ்டம், தம்பி என்கிறார்கள், ஸார். மூன்று ஊரே போதும்."

ஸடாகோவைத்தான் 'அந்தப் பெண்' என்றிருக்கிறார் அம்மையார்.