பட்டறை மூலை: கார்த்திகையில் அறுந்த சாணை பெல்ட்

‘‘அரிவாள், மண்வெட்டிகளை வீட்டிலேயே சாணை பிடிக்க பெல்ட் கிரைண்டர் வைத்திருக்கிறேன். ஆடித் தள்ளுபடியில் ஒரு டஜன் எமரி பெல்ட் வாங்கி, மோட்டார் கொட்டகையில் ஆணியில் மாட்டி வைத்தேன். கார்த்திகையில் எடுத்து ஓட்டியபோது 5 பெல்ட்டுகள் ஒட்டுப் பகுதியிலேயே பிய்ந்துவிட்டன. கடைசியாக அறுந்தது என் மகனின் மணிக்கட்டில் அடித்து, 3 தையல் போட வேண்டியதாகிவிட்டது. கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டாரா? மீதி 7 பெல்ட்டுகளை என்ன செய்வது?’’

- வாசகர், தாமல், காஞ்சிபுரம் மாவட்டம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அந்த 7 பெல்ட்டுகளையும் மிஷினில் மாட்டாதீர்கள். ஒரே இடத்தில், ஒரே மழையைப் பார்த்தவை அவை. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 2,880 சுற்று ஓடினால், பெல்ட் விநாடிக்கு சுமார் 15 மீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் அறுந்தால் சாட்டை போல அடிக்கும். உங்கள் மகனுக்குக் கையோடு போனது. கண்ணாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கடைக்காரரைக் கேட்பதற்கு முன்பு மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, அம்புக்குறி. பல பெல்ட்டுகளின் உள்பக்கத்தில் அம்பு அச்சிட்டிருப்பார்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டிய பெல்ட்டை அம்பு காட்டும் திசையில்தான் ஓட்ட வேண்டும். மாற்றி மாட்டினால், தீட்டும் இரும்பு ஒட்டின் விளிம்பில் போய் முட்டி, அதைக் கிளப்பிவிடும். பின்பக்கம் டேப் போட்டு முட்டு ஒட்டாக இணைத்த பெல்ட் எந்தப் பக்கமும் ஓடும்.

இரண்டு, ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் தாமல் ஏரி நிரம்பும்போது, மோட்டார் கொட்டகையின் சுவரும் தரையும் வேர்த்துக் கிடக்கும். பெல்ட்டின் துணி அந்த ஈரத்தைக் குடித்துச் சுருளும். ஒட்டும் பசையும் தளரும். பக்கத்தில் யூரியா மூட்டை இருந்தால் கேட்கவே வேண்டாம், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

மூன்று, ஆணி. மெல்லிய ஆணியில் மாதக்கணக்கில் தொங்கினால் அந்த இடத்தில் மடிப்பு விழும். மடிப்பில் மணல் உதிரும், துணி வலுவிழக்கும்.

உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இரண்டாவதும் மூன்றாவதும் நடந்திருக்கிறது. பழைய சரக்காகவும் இருந்திருக்கலாம். ஆனால், ஆடியில் வாங்கி கார்த்திகை வரை கொட்டகையில் தொங்கவிட்ட பிறகு, அதைக் கடைக்காரரிடம் நிரூபிக்க முடியாது. இனி வாங்கும்போது கடையிலேயே ஒட்டை மெதுவாக வளைத்துப் பாருங்கள். விளிம்பு தூக்கினால் வேண்டாம்.

எப்படிப் பாதுகாப்பது?

பாசனத்துக்கு வாங்கிய 110 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப்பில் மிச்சத் துண்டு எல்லோர் வீட்டிலும் இருக்கும். ஒரு சாண் நீளம் வெட்டி, ஒரு பலகையில் திருகி, வீட்டு உள்ளறைச் சுவரில் அடியுங்கள். பெல்ட்டுகளை அதில் மாட்டினால் மடிப்பு விழாது. வெளிச்சுவர், சிமென்ட் தரை, ஜன்னல் வெயில், அடுப்புக்கு மேலுள்ள பரண் ஆகியவை ஆகாது. அதிக ஈரம் போலவே அதிகச் சூடும் பசையைக் கெடுக்கும். மழை மாதங்களில் மூடி போட்ட டப்பாவில், மடக்காமல் வளையமாக வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். நனைந்த பெல்ட்டை வெயிலில் காயப்போடாதீர்கள், நிழலே போதும்.

உள்பக்கத்தில் வாங்கிய மாதத்தை எழுதுங்கள். ஒரு போகத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். தள்ளுபடி என்று டஜன் கணக்கில் வாங்குவது விதைநெல்லை ஈரத்தில் கொட்டுவது மாதிரி.

எதை வாங்குவது?

அளவு தெரியாவிட்டால் பழைய பெல்ட்டை வெட்டி நீளம் பாருங்கள். அகலம், நீளம் இரண்டையும் மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பின்பக்கம் ‘பி’ என்ற எழுத்தோடு இருப்பது கிரிட் நம்பர். நம்பர் குறைந்தால் மணல் பெரியது. தேய்ந்த மண்வெட்டி, கடப்பாரை முனைக்கு 40 அல்லது 60. கொடுவாள், கோடாலிக்கு 80-ல் ஆரம்பித்து 120. கூர் மெருகேற 240. பல் வைத்த கதிர் அரிவாளை பெல்ட்டில் காட்டவே காட்டாதீர்கள், பல் போய்விடும்.

மணல் வகையையும் கேளுங்கள். இரும்புக்கு அலுமினியம் ஆக்சைடு போதும், விலையும் குறைவு. மண்வெட்டி மாதிரி அழுத்தித் தேய்க்கும் வேலைக்கு சிர்கோனியா நீடித்து வரும். நிறத்தை நம்பாதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில கடைகளில் எல்லாவற்றையும் ‘கார்போரண்டம்’ என்பார்கள். அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் 1891-ல் சிலிக்கான் கார்பைடை உருவாக்கி, அதற்கு வைத்த வணிகப் பெயர் அது. 1954-ல் தொடங்கிய சென்னை நிறுவனமான கார்போரண்டம் யுனிவர்சலின் பெயரிலும் இருப்பதால் நமக்குப் பழகிய சொல். ஆனால், சிலிக்கான் கார்பைடு கல், கண்ணாடி வேலைக்கு ஏற்றது. எஃகில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

‘‘பெல்ட்டில் தீட்டிய கொடுவாள் ஒரே நாளில் மழுங்குகிறது. பெல்ட்டும் வழவழப்பாகிவிட்டது. என்ன காரணம்?’’

- வாசகர், உத்திரமேரூர்.

இரண்டும் ஒரே காரணம்தான். மணல் தேய்ந்த பெல்ட் இரும்பை வெட்டாது, உரசிச் சூடாக்கும். கொடுவாளின் விளிம்பு வைக்கோல் நிறத்துக்கு வந்தால் சுமார் 220 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். நீலம் பூத்தால் 300 டிகிரியை நெருங்கிவிட்டது. கொல்லர் துவைச்சல் கொடுத்து ஏற்றிய கடினம் அங்கே போய்விடும். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. நீலம் பூத்த பகுதியைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஆழமாகப் போயிருந்தால் கொல்லரிடம் மறுபடி துவைச்சல் கொடுங்கள்.

புது பெல்ட் போட்டு, லேசாக அழுத்தி, ஒவ்வொரு இழுப்புக்கும் வாளித் தண்ணீரில் நனையுங்கள். வெறும் விரலால் தொட முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள்.

மரத்தூள் அடைத்த பெல்ட் என்றால், ஓடும்போது கிரேப் ரப்பர் கட்டியை அழுத்தினால் தூள் உதிரும். இரும்பில் தேய்ந்து வழவழப்பானதற்கு அந்த வைத்தியம் பலிக்காது. அதையும், தாமல் வாசகரின் 7 பெல்ட்டுகளையும் பட்டையாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பைப்பில் துரு தேய்க்க, பசை போடும் முன் பி.வி.சி. முனையைச் சொரசொரப்பாக்க, கைப்பிடி இழைக்க உதவும்.

எல்லோருக்கும் ஒரு வார்த்தை: மரத்துக்கும் இரும்புக்கும் தனித்தனி பெல்ட் வையுங்கள். மரத்தூள் சேர்ந்த மிஷினில் இரும்பைத் தீட்டினால் பொறி பட்டு தூள் கனன்று, ஆள் போன பிறகும் பற்றிக்கொள்ளும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் கிரைண்டரே வேண்டாம். தோளில் துண்டு போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். கண்ணாடி போடுங்கள். கண்ணில் துகள் விழுந்தால் துணி நுனியால் எடுக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள். பெல்ட் மாட்டியதும், பிளக்கைப் பிடுங்கிய நிலையில் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஸ்விட்ச் போடும்போது பெல்ட்டுக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். பிள்ளைகளையும் தள்ளி நிறுத்துங்கள்.