முதலில் உடைவது புல்லாங்குழல்

கொலு முடிந்து பொம்மைகளை எடுத்துவைக்கும் நாளில், விவரம் தெரிந்த பாட்டிமார் கிருஷ்ணரை அப்படியே துணியில் சுருட்டிவிட மாட்டார்கள். முதலில் பழைய வேட்டியைக் கிழித்து, புல்லாங்குழல் பிடித்த கைக்கு மட்டும் ஒரு கட்டு. ராமர் என்றால் வில்லுக்கு. அதற்குப் பிறகுதான் முழு உடம்புக்கும் சுற்று. டிரங்குப் பெட்டியின் சந்துகளில் எல்லாம் துணியை அடைத்து, மூடியைச் சாத்தி, மெல்ல ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே ‘டொக்’ என்றால் பெட்டி மறுபடி திறக்கும்.

பொம்மை செய்வதற்குப் பெயர்போன காஞ்சிபுரத்திலிருந்து சென்னைப் பக்கம் வந்தால் ஸ்ரீபெரும்புதூர். இங்கே தொழிற்சாலைகள் செய்வதும் பாட்டி செய்த வேலைதான், அளவு மட்டும் பெரிது. செயின்ட் கோபெயின் கண்ணாடி ஆலை 2000-ஆம் ஆண்டிலிருந்து இங்கே இயங்குகிறது. ஆலைக் கண்ணாடி லாரியில் படுத்துப் போவதில்லை. சற்றே சாய்ந்த சட்டத்தில் நின்றபடிதான் போகும். படுக்கவைத்தால் தன் எடையிலேயே வளையும், ஒரு பள்ளத்தில் லாரி இறங்கினால் விரிசல் விழும். நிமிர்த்தி, ஒன்றோடொன்று இறுக்கி, அசையவிடாமல் கட்டிவிட்டால் பெங்களூரு வரைக்கும்கூடப் பத்திரமாகப் போய்ச் சேரும்.

ஐபோன் தயாராகும் சுங்குவார்சத்திரம் பக்கம் போனால் கண்ணாடி இன்னும் சின்னதாகிவிடும். 2025 மார்ச்சிலிருந்து சில வாரங்களுக்குள், அமெரிக்க வரி உயர்வுக்கு முந்திக்கொள்ள, ஏறக்குறைய 600 டன் ஐபோன்கள் தனி சரக்கு விமானங்களில் இந்தியாவிலிருந்து பறந்ததாக ராய்ட்டர்ஸ் எழுதியது. 15 லட்சம் போன்கள் வரை இருக்கலாம் என்பது அதன் கணக்கு. ஒவ்வொன்றின் முதுகிலும் கடுகளவு லென்ஸ்கள். அதுவும் அசையாத கேமரா அல்ல. கை நடுக்கத்தை ஈடுகட்டுவதற்காக லென்ஸோ, அதன் பின்னால் உள்ள சென்சாரோ காந்த விசையில் நகரும்.

இந்த நடுக்கம் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சக்தி வாய்ந்த மோட்டார்சைக்கிள்களின் ஹேண்டில்பாரில் போனை நேரடியாகப் பொருத்தினால், நெடுநேர அதிர்வில் கேமராவின் இந்த அமைப்பு கெடலாம் என்று ஆப்பிள் நிறுவனம் 2021 செப்டம்பரில் எச்சரித்தது. எந்த வண்டி என்று அது பெயர் சொல்லவில்லை. ஆனால் ராயல் என்ஃபீல்டு தயாராகும் ஒரகடமும் வல்லம் வடகாலும், ஐபோன் தயாராகும் இடத்திலிருந்து வெகு தூரமில்லை.

சரி, தொழிற்சாலைக்கு ட்ரே உண்டு, அச்சில் வார்த்த குழி உண்டு, சோதனைக்கூடம் உண்டு. வாரம் முழுக்க ஒரகடத்தில் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கலுக்கு ஓடுகிற பறவைப் பிரியர் ஒருவர், லென்ஸைச் சர்வீசுக்கு அனுப்பவோ, விற்றதை வாங்கியவருக்கு அனுப்பவோ நேர்ந்தால் என்ன செய்வார்? பெரும்பாலும், மளிகைக் கடையில் வாங்கிய பிஸ்கட் பெட்டி, இரண்டு நாள் தினசரித்தாள், பெட்டியின்மேல் சிவப்பு மையில் ‘கண்ணாடி, கவனம்’. பார்சல் மையத்தின் கன்வேயர் பெல்ட் தமிழும் படிக்காது, ஆங்கிலமும் படிக்காது.

லென்ஸ் உடைவது அபூர்வம் என்பதுதான் இதில் ஏமாற்றும் விஷயம். கண்ணாடி முழுசாக இருக்கும், குழலில் கீறல்கூட இருக்காது. ஆனால் உள்ளே வரிசையாக நிற்கும் பத்து, பதினைந்து வில்லைகளில் ஒன்று மயிரிழை அளவு நகர்ந்திருக்கும். படம் எடுத்தால் இடது ஓரம் பளிச்சென்றும் வலது ஓரம் மசமசவென்றும் வரும்.

பெட்டிக்குள் இருந்தும் அடிபட்டதற்குத் தமிழ்நாட்டிலேயே பழைய சாட்சி இருக்கிறது. 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தென்னிந்திய நில அளவையைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன். லண்டனில் வில்லியம் கேரி செய்த, கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட் கருவி அரை டன் எடை. அதன் கிடைவட்டம் மட்டும் மூன்றடி. கப்பலில் வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி மொரீஷியஸுக்குப் போய், அங்கிருந்து மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைக்கப்பட்டது. எதிரி கையில் அகப்பட்டும் பழுதில்லை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே ஏற்றும்போதுதான் வினை வந்தது. சுவரில் மோதாமல் இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி பெட்டியோடு சுவரில் போய் மோதியது. அடி முழுவதையும் வாங்கியது வெளியே துருத்தி நின்ற ஒரு திருகும் அதன் பிடியும். அங்கிருந்து விசை இறங்கி, வட்டமே கோணிவிட்டது. லாம்டன் கருவியைப் பிரித்துப்போட்டு, பலகையில் சரியான அளவுக்கு வட்டம் வெட்டி, ஆப்பும் திருகும் வைத்து ஆறு வாரம் மெல்ல மெல்ல இழுத்து, ஏறக்குறைய பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

கிருஷ்ணருக்குப் புல்லாங்குழல், லாம்டனுக்குத் திருகு. லென்ஸில் அது எது? ஜூம் லென்ஸில் முன்னால் நீளும் குழல். ஆகவே முழுக்க உள்ளே தள்ளி, பூட்டு இருந்தால் போட வேண்டும். பெரிய லென்ஸில், முக்காலியில் மாட்டும் கால். கழற்ற முடிந்தால் கழற்றித் தனியாகச் சுற்றுவது உத்தமம். வடிகட்டிக் கண்ணாடியையும் கழற்றிவிட வேண்டும். அது நொறுங்கினால் அதன் சில்லுகளே லென்ஸைக் கீறும். முன்மூடி, பின்மூடி இரண்டும் அவசியம். கேமராவில் மாட்டியபடி அனுப்புவது மகா தவறு, ஏனென்றால் இரண்டின் எடையும் சேர்ந்து, அவற்றை இணைக்கும் ஒற்றை வளையத்தில்தான் தொங்கும்.

பிறகு, பெட்டிக்குள் பெட்டி. லென்ஸை பபுள் ரேப்பில் சுற்றி, அசையாத அளவுக்கு ஒரு சின்னப் பெட்டி. அதற்கு ஆறு பக்கமும் குறைந்தது இரண்டு அங்குலம் ஃபோம் விட்டு ஒரு பெரிய பெட்டி. (பபுள் ரேப்பை 1957-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த இருவரும் முதலில் நினைத்தது, சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் என்றுதான்.) தினசரித்தாளைப் பாட்டி பயன்படுத்தினாலும் குற்றமில்லை, அவர் பொம்மை பரணிலேயே இருக்கிறது. ஆனால் லாரியில் இரவு முழுக்க அதிர்ந்தால் காகிதம் அமுங்கி, காலையில் பெட்டிக்குள் லென்ஸுக்கு விளையாட இடம் கிடைத்துவிடும்.

தொழிற்சாலைகளில் பெட்டியை நம்புவதற்கு முன் போட்டுப் பார்க்கிறார்கள். இஸ்டா என்ற சர்வதேச அமைப்பின் எளிய சோதனை ஒன்றில், பத்து கிலோவுக்குக் குறைந்த பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை விழவிட வேண்டும்: ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், ஆறு முகங்கள். சாப்பாட்டு மேசையின் உயரம்தான் அது. லென்ஸை வைத்து யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். அதே எடைக்கு ஒரு பொட்டலம் உப்பை வைத்துப் பார்க்கலாம்.

பணத்தின் கதை வேறு. சர்வதேச விமானச் சரக்குக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும்; இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. தனியாக மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், சேதத்துக்கு நிறுவனத்தின் அதிகபட்சப் பொறுப்பு 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறக்குறைய 3,000 ரூபாய். சோனியின் 600 மி.மீ. எஃப் 4 லென்ஸ் 3,040 கிராம். பல லட்சம் கொடுத்து வாங்கிய பொருளுக்கு, பேக்கிங் எடையைச் சேர்க்காமல், தராசு சொல்லும் விலை ஒன்பதாயிரத்துச் சொச்சம்! வெங்காய மூட்டைக்கும் லென்ஸுக்கும் ஒரே எடைக்கணக்கு. காப்பீட்டுக் கட்டணத்தில் மிச்சம் பிடிப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை வாசிக்கலாம். பேக் செய்யும்போதே வரிசை எண் தெரிய ஒரு வீடியோ எடுத்து வைப்பதும், பெட்டிக்கு வெளியே கேமரா கம்பெனியின் பெயர் தெரியாமல் பார்ப்பதும் செலவில்லாத காரியங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் அனுப்பினால் சிலிக்கா ஜெல்லோடு பாலிதீன் உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கப் பெரிய முகூர்த்தம் தேவையில்லை. வாங்குபவரும் பார்சல் வந்த வேகத்தில் பிரிக்காமல், அறையின் சூட்டுக்கு வரும்வரை இரண்டு மூன்று மணி நேரம் மூடியே வைத்தால் வில்லைகளில் நீர் கோக்காது.

பிரித்துக் கையில் எடுத்ததும் சில புது லென்ஸ்கள் உள்ளே ‘லொடலொட’ என்னும். அனுப்பியவருக்கு உடனே போன் போட்டுச் சண்டை பிடிக்கத் தோன்றும். மின்சாரம் இல்லாதபோது ஃபோகஸ் வில்லைகள் பிடிப்பில்லாமல் கிடக்கும் வகை அது. கேமராவில் மாட்டி ஆன் செய்தால் சத்தம் நின்றுவிடும். நிற்காவிட்டால்தான் கவலை. அப்புறம் ஒரு செங்கல் சுவருக்கு எதிரே நேராக நின்று ஒரு படம், நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்க்க.