ஒரு பாயில் மூன்று தரங்கள்

2020 மார்ச்சில் கொவிட் இலங்கையின் பாடசாலைகளை மூடியது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு மூடியது. இரண்டு முறையும் படிப்பு வட்ஸ்அப்புக்கும் ஸூமுக்கும் போனது. பிள்ளைக்கொரு போன் இருக்கும் என்று நம்பிச் செய்த ஏற்பாடு அது. பொத்துவில் தொடக்கம் கல்முனை வரை பல வீடுகளில் வாப்பாவின் ஒரே போனுக்காக தரம் 2, தரம் 5, தரம் 9 பிள்ளைகள் காத்திருந்தார்கள். மாரி வெள்ளம் வரும்போதெல்லாம் பாடசாலை மறுபடியும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதற்கு நாம் இன்னும் தயாராகவில்லை.

வீட்டில் படிப்பிக்கும்போது பிள்ளைகளைத் தரம் தரமாகப் பிரிக்கத் தேவையில்லை. லெப்பையிடம் ஓதப் போகும் பிள்ளைகளைப் பாருங்கள். அலிஃப், பே சொல்லும் சின்னவரும் குர்ஆனை முடிக்கப் போகிற பெரியவரும் ஒரே பாயில் இருக்கிறார்கள். பெரியவர் சின்னவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தன் பாடத்தையும் உறுதியாக்கிக்கொள்கிறார். பெண்ணுக்குத் தாய்வீட்டருகே வீடு கொடுக்கும் வழக்கத்தால் சாச்சி, பெரியம்மா பிள்ளைகளும் அதே வளவில் வளர்கிறார்கள். வகுப்பு அங்கேயே இருக்கிறது.

பொத்துவில் உல்லைக் கரையில் இறங்கும் மீன் ஒன்றே மூவருக்கும் பாடமாகலாம். சின்னவர் எண்ணட்டும், நடுப்பிள்ளை நிறுத்து விலை போடட்டும், பெரியவர் சோளகத்திலும் வாடையிலும் மீன்பாடு ஏன் மாறுகிறது என்று தேடி எழுதட்டும். வாசிப்பும் கணிதமும் அப்படியல்ல. அவை படிப்படியாக ஏறுபவை; ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகக் கொஞ்ச நேரம் வேண்டும். ஆந்திராவின் ரிஷி வேலி கிராமப் பள்ளிகள் இதற்காகவே படிநிலை அட்டைகளை உருவாக்கின. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் வழியாக அம்முறை 2007 அளவில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக இருந்து, அவரவர் படியில் அவரவர் படித்தார்கள்.

இதில் ஓர் அநியாயமும் நடக்கக்கூடும். ராத்தா சம்பளமில்லா ஆசிரியையாகி, தன் சாதாரண தரப் பரீட்சையைக் கோட்டைவிடக் கூடாது. தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கு எல்லை வேண்டும். காக்காவுக்கும் அதில் சமபங்கு வேண்டும்.

மகரகம தேசிய கல்வி நிறுவகம் தரத்துக்கொரு வழிகாட்டி எழுதுகிறது. ஒரே தலைப்பை மூன்று படிகளில் தரும் வீட்டு வழிகாட்டியையும் தமிழில் அச்சிட்டுத் தரட்டும். கல்முனை, அக்கரைப்பற்று வலயக் கல்வி அலுவலகங்கள் தங்கள் ஆசிரியர்களை வைத்து இப்போதே அட்டைகளை எழுதத் தொடங்கலாம். டேட்டா இல்லாத வீட்டுக்கும் தாள் போய்ச் சேரும். அடுத்த மாரிக்கு முன் அது சேர வேண்டும்.